மூட்டையைத் திருப்பிக் கொடுக்காதே

பாஸ்கரா,

உன் இன்லாண்டு லெட்டர் வந்தது. வாசலில் நின்றபடியே ஒரு முறை படித்தேன். பிறகு உங்கம்மா கேட்டாள் என்று சத்தமாக அவளுக்கும் படித்துக் காட்டினேன். முடித்ததும், "இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன். "இவன் நல்லவன்தான், ஆனா அவசரக்காரன். நீ பதில் எழுது, நல்லா நீட்டமா எழுது" என்று சொல்லிவிட்டு மடியில் கிடந்த துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். நீட்டமாக எழுதுவதற்கு இன்லாண்டு பற்றாது என்பதால் வெள்ளைத்தாள் வாங்கி வந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி. வசந்தாவுக்கும் படித்துக் காட்டு. பாதிக் கடிதம் அவளுக்குத்தான்.

நீ மூன்று முடிவு எடுத்திருக்கிறாய். சாயங்காலம் போகிற டிப்ளமா வகுப்பை இந்த மாதத்தோடு நிறுத்தப் போகிறாய். பிரசவம் நெருங்குவதால் வசந்தா டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையை ராஜினாமா செய்யவேண்டும். நானும் உங்கம்மாவும் ஊசி, நூல், கம்பளி எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிட்டு பெங்களூருக்கு வந்து உன் வீட்டில் சும்மா உட்காரவேண்டும். "ஒரு நேரத்தில் ஒரு வேலைதான்பா செய்ய முடியும். நாலை இழுத்துப் போட்டுக்கொண்டால் நாலும் கெடும்" என்று எழுதியிருக்கிறாய். உன் அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த மூன்று முடிவில் ஒன்றையும் நான் அப்படியே ஒப்புக்கொள்ளப் போவதில்லை. ஏன் என்று சொல்ல, எமர்ஜென்சி முடிந்த அந்த வருஷத்துக்குப் போகவேண்டும். நீயும் அப்போது வீட்டில்தான் இருந்தாய். ஆனால் பாதியில் வேலைக்குக் கிளம்பிப் போனவன். மீதியை நாங்கள் யாரும் உட்கார்ந்து உனக்குச் சொல்லவில்லை.

என் பின்னல் கதை உனக்குத் தெரியும், வசந்தாவுக்குத் தெரியாது. பட்டாளத்தில் இருந்தபோது வடக்கே மலையில் பனி தாக்கி என் இடது கை விரல்கள் மரத்துப்போயின. ராணுவ ஆஸ்பத்திரியில், விரல் மடங்கி நிமிரவேண்டும் என்பதற்காக இரண்டு ஊசியையும் ஒரு கம்பளி நூலுருண்டையையும் கையில் கொடுத்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்துக் கட்டிலில் ஆறடி சர்தார் ஒருவர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தன் மகளுக்குக் குல்லா பின்னிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். விரல் சரியாகிவிட்டது, பின்னல் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. பென்ஷனோடு மாமல்லபுரம் வந்து கடற்கரைப் பக்கத்து லாட்ஜில் பகல் வாட்ச்மேனாகச் சேர்ந்த பிறகும், கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பின்னிக்கொண்டிருப்பேன். காக்கிச் சட்டையும் மீசையுமாக ஒருவன் ஸ்வெட்டர் பின்னுகிறான் என்று வெள்ளைக்காரர்கள் என்னைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். "இந்த வேக்காட்டுல ஸ்வெட்டரு யாருக்கு அண்ணாத்த?" என்று ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஐப்பசி மழைக்காற்று அடிக்க ஆரம்பித்ததும் அதே ஆட்கள், பேரப்பிள்ளைக்குக் குல்லா வேண்டும், காதை மூட மப்ளர் வேண்டும் என்று வந்து நிற்பார்கள்.

உங்கம்மாவுடையது ஒட்டுப் போர்வை. பழைய புடவைகளை நாலைந்து அடுக்காக விரித்து, மேலே துண்டுத் துணிகளைச் சதுரமாக வைத்து, அத்தனையும் ஒரே துணியாகிவிடும்படி நெருக்கமாக நூலோட்டுவாள். துணியை அவரவரே கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒவ்வொரு வீட்டுத் துணியும் ஒரு தனி மூட்டையாகச் சுவரோரப் பலகையில் இருக்கும். ஒரு மூட்டையிலிருந்து ஒரு சாண் நூல்கூட இன்னொன்றுக்குப் போகாது. எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்று பாதியில் நிற்கும். கல்யாணமான புதிதில் நானும் உன்னைப் போலத்தான் கேட்டேன், ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் என்ன என்று. "ஒண்ணயே பாத்துகினு இருந்தா அது மேல வெறுப்பு வந்துடும்யா. வெறுப்போட தச்சா நூலு இழுத்துக்கும், துணி சுருங்கும். கோவம் வந்தா அந்த வரிய முடிச்சு, மடிச்சு வச்சுட்டு வேற எடுத்துக்கணும்" என்றாள். வரியை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். யாராவது கூப்பிட்டால் "இதோ, இந்த ஓரத்துக்கு வந்துட்டேன்" என்பாள். பின்னலிலும் அதுதான் சட்டம். வரிசையின் நடுவில் ஊசியை வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது ஊசியில் ஏற்றிய நூல்வளையத்தில், கண் என்போம், பாதி நழுவியிருக்கும்.

அந்த வருஷம் பலகையில் மூன்று மூட்டை இருந்தது. ஒன்று குப்பத்து எல்லம்மாவுடையது. மகள் செல்விக்குத் தை மாதம் கல்யாணம், அதற்காகத் தன் புடவைகளையெல்லாம் கொடுத்திருந்தாள், தன்னுடைய கூரைப்புடவை உட்பட. இரண்டாவது கேளம்பாக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற காதர் பாயுடையது. அவர் மருமகள் முதல் பிரசவத்துக்கு இருந்தாள், குழந்தைக்குச் சின்னதாக ஒன்று. மூன்றாவது உனக்கு. பெங்களூர் வேலைக்கான உத்தரவு வந்திருந்தது, கார்த்திகையில் போய்ச் சேரவேண்டும். நான் உனக்காக ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை. நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உங்கம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், உடனே ஊசி அவள் கையிலிருந்து விழுந்தது. ஊசியை அவள் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. குனிந்து தேடுகிறவள் மாதிரிதான் சாய்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. லாட்ஜ் வேனில் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீ வழி முழுக்க அவள் காலைப் பிடித்துக்கொண்டே வந்தாய். வலது கை சுத்தமாக விழுந்துவிட்டது. கால் இழுத்துக்கொண்டது. வாய் கோணி, பேச்சு வெறும் சத்தமாகிவிட்டது. உயிருக்குப் பயமில்லை, மற்றது போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டர்.

மாற்றுத்துணி எடுக்க நீ வீட்டுக்குப் போனாய். பலகையில் அந்த மூட்டைகளைப் பார்த்திருக்கிறாய். அம்மா திரும்பி வந்து இதைப் பார்த்தால் மனசு உடைந்துபோகும் என்று நினைத்தாய். எல்லம்மாவுடையதை சைக்கிளில் குப்பத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாய். பஸ் ஏறிக் கேளம்பாக்கம் போய் பாயிடம் அவருடையதைக் கொடுத்தாய். உனக்கான மூட்டையை அலமாரியின் அடியில் திணித்தாய். நல்ல மனசோடு செய்ததுதான். நீ வந்து சொன்னபோது, அந்த நிலைமையில், எனக்கும் அது சரி என்றே பட்டது.

அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான். வாசற்படி தாண்டியதும் அவள் கண் நேரே பலகைக்குப் போனது. காலியாக இருந்தது. "து" என்றாள். மூச்சு வாங்கினாள். "துணி." ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் ஒரு வார்த்தை புரியவில்லை, இது தெளிவாக வந்தது. "துணி எங்க நைனா?"

"குடுத்துட்டேம்மா. நீ இனிமே கஷ்டப்பட வேணாம்" என்றாய்.

நான் காப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தேன். இடது கையால் டம்ளரை எடுத்துச் சுவரில் எறிந்தாள். "யார கேட்டு?" என்றாள். அவ்வளவுதான் அவளால் பேச முடிந்தது, ஆனால் தெருவில் போனவர்களுக்கே கேட்டிருக்கும். நீ அழுதுகொண்டே வெளியே போய்விட்டாய். நான் சுவரைத் துடைத்தேன். துடைக்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. அவள் கை போனதற்கு அழவில்லை. வாய் கோணியதற்கு அழவில்லை. அவள் எடுத்த வேலையை அவளைக் கேட்காமல் வேறு யாரோ முடித்துவிட்டார்கள் என்பதற்குத்தான் அத்தனை கோபம்.

மறுநாள் நான் குப்பத்துக்குப் போனேன். எல்லம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் தயங்கினாள். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. அக்காவுக்கு கை வரலியே, எப்டி தைக்கும்?" என்றாள்.

"நான் தைப்பேன்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து சிரிப்பை நிறுத்திக்கொண்டு உள்ளே போய் மூட்டையை எடுத்து வந்தாள். அங்கிருந்து கேளம்பாக்கம். காதர் பாய் என்னை உட்கார வைத்து டீ சொன்னார். "இதுக்கு இன்னா அவசரம்? ஒங்க வூட்டு கன்னிம்மாவுக்கு மொதல்ல ஒடம்பு தேறட்டும்" என்றார். "ஒடம்பு தேறணும்னாதான் பாய் துணி வேணும்" என்றேன்.  கடைப் பையனைக் கூப்பிடாமல் அவரே எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார், கூடவே புதுசாகக் கொஞ்சம் துண்டுத் துணியும் வைத்தார்.

ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவனுக்குப் போர்வை தைக்க வரும் என்று நான் நினைத்தது பெரிய தமாஷ். பின்னலில் கை தானாக ஓடும். இதில் நாலைந்து அடுக்கும் ஒன்றாக நகரவேண்டும், ஒன்று நகர்ந்தாலும் மேலே சுருக்கம் விழும். உங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, செத்துக் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கித் துணியின் மேல் வைத்துக்கொள்வாள். "இது இப்ப கை இல்ல, பாறாங்கல்லு. துணி நகராம அமுக்கிக்கும்" என்பாள். நான் எதிரே உட்கார்ந்து தைப்பேன். "இன்னாய்யா இது, கள்ளு குட்சவன் நடந்தா மாரி போய்கினு கீது? பிரி." பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, அதில் அந்த 'பிரி' என்ற வார்த்தைதான் அதிகம். எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு முழு வரியையும் ஒரு சுருக்கம் இல்லாமல் போட்டுவிட்டேன் என்று பெருமையாக எழுந்தேன், போர்வையும் கூடவே எழுந்தது. என் லுங்கியையும் சேர்த்துத் தைத்திருந்தேன். உங்கம்மா சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் விரிந்தது. வீட்டுக்கு வந்தபின் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். நீயும் வாசலில் நின்று சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா?

அப்படியே வேலைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. விடிகாலையில் நான் உன் ஸ்வெட்டரைப் பின்னுவேன், அப்போதுதான் கை வேர்க்காது, கம்பளி ஒட்டாது. நாஸ்தா ஆனதும் வெளிச்சத்தில் அவள் கலர் பார்த்துத் துண்டு எடுத்து வைப்பாள். சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து எல்லம்மாவுடையதில் நான் உட்காருவேன், அது சலித்தால் பாயுடையது. நான் லாட்ஜில் இருக்கிற நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். கோணி தைக்கிற பெரிய ஊசியை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நீ அலமாரி அடியில் திணித்திருந்த உன் போர்வையை எடுத்து அதில் குத்திக்கொண்டிருந்தாள். மெல்லிய ஊசி அந்தக் கையில் நிற்கவில்லையாம். தையல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. விரலில் ரத்தம். என்னைப் பார்த்ததும், "இது எம் புள்ளைது. கோணலா இருந்தா அவன் ஒண்ணும் சொல்லமாட்டான். அடுத்தவங்கள்து மேல கத்துக்கக் கூடாது" என்றாள். நான் அப்படியே திரும்பி லாட்ஜுக்கே போய்விட்டேன். எனக்கு அந்த ராணுவ ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது, மடங்காத விரலோடு முதல் கண்ணை ஏற்றப் பார்த்த நாள்.

கார்த்திகையில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. காதர் பாய் வீட்டில் குழந்தை நாளுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது, எடை குறைச்சல், மழைக்காலம். நீ கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. எல்லம்மாவுடையது பாதிகூட ஆகவில்லை. உன் ஸ்வெட்டருக்கு உடம்பு முடிந்து கை இரண்டும் பாக்கி. நான் மற்றதையெல்லாம் ஒதுக்கி ஸ்வெட்டரை முடிக்கப் பார்த்தேன். என் பிள்ளை முதல் முதலாகக் குளிர் ஊருக்குப் போகிறான் என்ற ஆசைதான். உங்கம்மா என் கையிலிருந்து ஊசியை வாங்கிக் கீழே வைத்தாள். "உம் புள்ள பெரியவன். குளுந்துச்சுனா சட்டைமேல சட்ட போட்டுக்குவான். அது பச்ச மண்ணு. அத எடு" என்றாள். ஸ்வெட்டரின் தோள் ஓரத்தைக் கட்டி முடித்துவிட்டுக் குழந்தையின் போர்வையை எடுத்தேன். அதை முடித்துக் கேளம்பாக்கத்தில் கொடுத்துவிட்டு வந்த பிறகு நீ புறப்பட்டாய், உங்கம்மாவின் கோணல் தையல் போர்வையும் கையில்லாத ஸ்வெட்டருமாக. இங்கே எல்லோரும் இந்தக் கையில்லாத ஸ்வெட்டர்தான் இப்போதைய ஃபேஷன் என்கிறார்கள் என்று எழுதினாய். ஃபேஷன் இல்லை பாஸ்கரா. அது நாங்கள் கீழே வைத்த வேலை. அடுத்த வருஷம் நீ லீவில் வந்தபோது வாங்கி இரண்டு கையும் சேர்த்துக் கொடுத்தேன் அல்லவா? கீழே வைப்பது வேறு, கைவிடுவது வேறு. இதைத்தான் உனக்கு இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிமேல் வருவது உனக்குத் தெரியாது. மார்கழியில் எல்லம்மாவின் போர்வை முடிந்தது. முடிந்த மறுநாள் அவள் வந்தாள், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். மாப்பிள்ளை வீடு சதுரங்கப்பட்டினம். கை கால் விழுந்தவள் தைத்த போர்வையைப் புதுப் பொண்ணுக்குக் கொடுக்கக்கூடாது, ஆகாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். "நான் இன்னாக்கா பண்ணட்டும்?" என்று எல்லம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உங்கம்மா நிதானமாகக் கேட்டாள், "அந்தம்மா எப்ப ஒன் வூட்டுக்கு வருது?" தை பிறந்ததும் முதல் வெள்ளிக்கிழமை பரிசம் போட வருகிறார்கள் என்றாள் எல்லம்மா. "நானும் வர்றேன். அதுவரிக்கும் போர்வ இங்கயே இருக்கட்டும்" என்றாள் உங்கம்மா.

ரோட்டிலிருந்து குப்பம் வரைக்கும் மணல். நல்ல கால் இருக்கிறவர்களுக்கே இழுக்கும். நான் போர்வையைத் தூக்கிக்கொள்கிறேன் என்றேன், தரவில்லை. இடது தோளில் போட்டுக்கொண்டு, வலது பக்கம் என்மேல் சாய்ந்து, காலை இழுத்து இழுத்து வந்தாள். நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். எல்லம்மா வீட்டு முன்னால் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நடுவில் இருந்தாள். உங்கம்மா யாரிடமும் பேசாமல் போர்வையை எல்லோருக்கும் முன்னால் விரித்தாள். எல்லம்மாவின் கூரைப்புடவைச் சிவப்பு நடுவில், அதைச் சுற்றி நீலமும் பச்சையுமாக. 

"இத தச்சது நீயாம்மா?" என்று கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"நான் தைக்கல. தோ நிக்கிறாரே, எம் புருஷன், இவரு தச்சாரு. ஆம்பள தச்சா தோஷம்னு நான் கேட்டதில்ல. நீ கேட்டிருந்தா சொல்லு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டாளத்துக்காரன் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உங்கம்மா முடிக்கவில்லை. "ஆனா நான் பொய் சொல்லமாட்டேன். இந்த ஓரத்துல கடைசி வரி நான் போட்டது. எடது கையால. எல்லம்மா வூட்டு கல்யாணத்துல எங்கையும் பட்டிருக்கணும்னு ஆச, அதான் போட்டேன். ஒனக்கு மனசு ஒப்பலன்னா அந்த ஒரு வரிய பிரிச்சுக்க. மிச்சம் பொண்ணுக்கு போவட்டும்" என்று தன் கொண்டையில் செருகியிருந்த ஊசியை எடுத்து நீட்டினாள்.

சினிமாவாக இருந்தால் அந்த அம்மா கண் கலங்கி, வேண்டாம் தாயி என்றிருப்பாள். இவள் ஊசியை வாங்கிக்கொண்டாள். ஓரத்தை மடியில் இழுத்துப் போட்டு உண்மையிலேயே பிரிக்க ஆரம்பித்தாள்.  எல்லம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். கோணி ஊசியால் விரல் குத்திக் குத்தி, மாதக்கணக்கில் பழகி, இந்த ஒரு வரியை மட்டும் நேராகப் போட்டிருந்தாள் உங்கம்மா. அது ஒவ்வொரு தையலாகப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை. வா போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உங்கம்மா மெல்ல அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் குந்திவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்டி இழுக்காத. அடி துணி சுருங்கிடும். நடுநடுவுல வெட்டி வெட்டி எடு" என்றாள். அந்த அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் சொன்னபடியே செய்தாள். பிரித்து முடித்ததும் நூல் கேட்டாள். அந்த வரியை அவளே தைத்தாள். நேராக, ஒரே அளவாக. உங்கம்மா இடது கை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நல்லா வருதே. வலைக் கையா?"

"ஆமா. எட்டு வயசுலேருந்து வல கிழிசல் போட்டுகினு கீறேன்."

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் பேசியதெல்லாம் நூலைப் பற்றி. உப்புக்காற்றில் எந்த நூல் சீக்கிரம் இற்றுப்போகும், துருப்பிடித்த ஊசியை எதில் தேய்க்கலாம் என்று. பரிசத் தட்டு ஒரு பக்கம் காத்துக்கொண்டிருந்தது. போர்வை செல்வியோடு சதுரங்கப்பட்டினம் போயிற்று.

திரும்பி வரும்போது நான் பொறுக்காமல் கேட்டேன். "உன் தையலைப் பிரிச்சுப் போட்டா. நீ அவளுக்கு எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்லிக் குடுத்துகினு இருந்தியே?" உங்கம்மா நிற்கவில்லை. "எம் வரி போனா போவட்டும்யா. போர்வ நின்னுச்சா இல்லியா? நான் வீம்பு புடிச்சிருந்தா அது எல்லம்மா வூட்டு பொட்டிலயே மக்கிப் போயிருக்கும்" என்றாள். சற்று தூரம் போனதும், "நாளைக்கு புது மூட்ட ஒண்ணு வருது. பொடி நடையா நடக்காத, வா" என்றாள். காலை இழுத்துக்கொண்டு நடந்தவள் அவள்தான்.

இதையெல்லாம் உங்கம்மாவின் பெருமையைச் சொல்வதற்காக எழுதவில்லை. நீ உன் கடிதத்தில் "வசந்தாவை வேலையை விடச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். சொல்லிவிட்டேன் என்றுதான் இருக்கிறது. கேட்டேன் என்று எங்கேயும் இல்லை. உங்கம்மா இரண்டாம் முறை படிக்கச் சொன்னதே அந்த இடத்தைத் திரும்பக் கேட்பதற்குத்தான். அவளைக் கேள், பாஸ்கரா. விட்டுவிட ஆசை என்று அவளே சொன்னால் அது அவள் பாடு, நாங்கள் குறுக்கே பேசமாட்டோம். வேண்டாம் என்றால் அந்த ராஜினாமாவை அவள் சார்பில் நீ யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்காதே. எவ்வளவு நல்ல மனசோடு செய்தாலும் அது அடுத்தவர் மூட்டை.

உன் வகுப்புக்கு வருகிறேன். சாயங்கால வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், குவார்ட்டர்ஸ் நாடக மன்றத்துக்குச் செயலாளர், வீட்டில் பிறக்கப் போகிற குழந்தை. கைநிறையத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். எதையாவது கீழே வைக்கத்தான் வேண்டும். ஆனால் கனமாக இருக்கிறதே என்று வகுப்பை வைக்காதே. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பார். நாடகம் காத்திருக்கும். ஓவர்டைம் அடுத்த வருஷமும் இருக்கும். வகுப்பையேதான் வைக்கவேண்டும் என்று ஆனாலும், இந்தப் பருவத்துப் பரீட்சையை எழுதி முடித்து, அந்த வரியின் ஓரத்துக்கு வந்து வை. அப்போதுதான் திரும்பி வந்து எடுக்க முடியும். நடுவில் விட்டால் எங்கே விட்டோம் என்றே தெரியாமல் போய்விடும். பட்டாளத்தில் நான் படிக்க ஆரம்பித்து நடுவில் விட்ட இங்கிலீஷ் பாடம் இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் கிடக்கிறது, லாட்ஜில் வெள்ளைக்காரர்கள் வழி கேட்டால் கையைத்தான் நீட்டுகிறேன்.

மூன்றாவது எங்களைப் பற்றியது. சும்மா உட்கார வரமாட்டோம். ஆனால் வருகிறோம். உங்கம்மா முடிவு செய்துவிட்டாள், லாட்ஜில் நானும் சொல்லிவிட்டேன். கையில் இருக்கிற வேலையெல்லாம் கூடவே வரும். அவளுக்கு இரண்டு போர்வை பாக்கி. எனக்கு நாலைந்து குல்லா, ஒரு முழுக்கை ஸ்வெட்டர். பெங்களூர்க் குளிரில் கம்பளி கையில் ஒட்டாது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். வசந்தாவின் அம்மா பிரசவம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியவர். அதற்கப்புறம் குழந்தை எங்கள் பொறுப்பு. தொட்டில் ஆட்ட இடது கை போதும் என்கிறாள் உங்கம்மா. குளிப்பாட்டுவது என் வேலை. நீ குழந்தையாக இருந்தபோது நான் எல்லையில் இருந்தேன், உன்னைக் குளிப்பாட்டியதில்லை, அதனால் எனக்கு அந்த வேலை தெரியாது. வசந்தாவின் அம்மா கிளம்புவதற்கு முன் எனக்குக் கற்றுக்கொடுக்கச் சொல். பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன், கோபித்துக்கொள்ள மாட்டேன். வசந்தா விரும்பினால் லீவு முடிந்து வேலைக்குப் போகட்டும். நீ ஆறு மணிக்கு வகுப்பில் இருக்கவேண்டும்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பகல் வண்டியில் ஏறுகிறோம். ஸ்டேஷனுக்கு நீ தனியாக வராதே, சாமான் தூக்க இன்னொரு ஆளைக் கூட்டி வா. உன் வீட்டில் காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது என்று உங்கம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள். அந்த இடத்தில் ஏதாவது சாமான் இருந்தால் நாங்கள் வருவதற்குள் எடுத்துவிடு.

அப்பா